கதையில் பிறந்த மதங்கள்! விண்வெளியில் தேடிய கடவுள்! தெரியுமா உங்களுக்கு?

விஞ்ஞானக் கதை என்றால் ராக்கெட், ரோபோ, வேற்றுக்கிரகவாசி... அவ்வளவுதானே என்கிறீர்களா? இல்லவே இல்லை! ஒரு நாவலைப் படித்துவிட்டுப் புது மதமே தொடங்கியவர்கள் இருக்கிறார்கள்! நாவலை எழுதும்போதே மதம் மாறியவர் இருக்கிறார்! செவ்வாய்க்கிரகவாசிக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று போப்பாண்டவரே பேசியிருக்கிறார்! நம்ப முடியவில்லையா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாருங்கள்!

சினிமாவே மதம்! எத்தனை பேருக்கு?

2001-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. 'உங்கள் மதம் எது?' என்ற கேள்விக்கு 'ஜெடாய்' என்று எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 3,90,127 பேர்! ஜெடாய் என்பது என்ன? 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஒளிவாள் சுழற்றும் வீரர்களின் கூட்டம்!

அந்தக் கணக்கெடுப்பில் சீக்கியர்கள் 3,29,358 பேர். யூதர்கள் 2,59,927 பேர். பௌத்தர்கள் 1,44,453 பேர். மூன்று மதங்களையும் ஒரு சினிமா மதம் முந்திவிட்டது! மின்னஞ்சலில் பரவிய ஓர் அழைப்புதான் தொடக்கம். பலர் விளையாட்டாக எழுதினார்கள், சிலர் மனதாரவே எழுதினார்கள். அதே வருஷம் ஆஸ்திரேலியாவில் 70,000-க்கு மேல்! நியூசிலாந்தில் 53,000-க்கு மேல்!

இப்போது எத்தனை பேர்? 2011-ல் இங்கிலாந்து, வேல்ஸ் எண்ணிக்கை 1,76,632. 2021-ல் சுமார் 1,600 பேர்தான்! வந்த வேகத்திலேயே கரைந்துவிட்டது!

அந்த 'சக்தி' எங்கிருந்து வந்தது?

ஸ்டார் வார்ஸில் எல்லா உயிரையும் இணைக்கும் ஒரு 'சக்தி' வருமே, ஞாபகம் இருக்கிறதா? 1977-ல் வந்த அந்தப் படத்தில் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் அதை ஏன் வைத்தார் தெரியுமா? இளைஞர்கள் மனதில் ஆன்மிகத் தேடலை எழுப்ப வேண்டும் என்றுதான்! எந்த ஒரு மதத்தின் பக்கமும் இழுப்பது அவர் நோக்கமில்லை. 'கடவுள் உண்டா, இல்லையா?' என்ற கேள்வியாவது இளைஞர்களுக்கு வரட்டும் என்று ஆசைப்பட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். கேள்வி வரட்டும் என்று நினைத்தார், மதமே வந்துவிட்டது!

இதோ, உங்கள் கையிலேயே ஒரு பிரார்த்தனை!

வலது கையைத் தூக்குங்கள். உள்ளங்கை வெளியே தெரியட்டும். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்து வையுங்கள். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் சேரட்டும். இரண்டு ஜோடிக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். கட்டைவிரல் தனியே நிற்கட்டும். வருகிறதா? இதுதான் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் கூர்க்காது ஸ்போக் வைக்கும் புகழ்பெற்ற வணக்கம்!

இது வேற்றுக்கிரக வணக்கமா? இல்லை! யூதர்களின் ஆசீர்வாத முத்திரை! ஸ்போக்காக நடித்த லியோனார்ட் நிமாய், பாஸ்டன் நகரில் வளர்ந்த யூதச் சிறுவன். ஜெபக்கூடத்தில் குருமார்கள் தலையோடு போர்வை போர்த்திக்கொண்டு, கைகளை நீட்டி, உரத்த குரலில் ஆசீர்வதிப்பார்கள். அப்போது யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. 'கண்ணை மூடிக்கொள்' என்றார் அப்பா. பையன் மூடினானா? திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்துவிட்டான்! விரல்கள் அப்படிப் பிரிந்து நிற்பதைக் கண்டான். 'ஷின்' என்ற ஹீப்ரு எழுத்தின் வடிவம் அது. எல்லாம் வல்ல இறைவனைக் குறிக்கும் பெயரின் முதல் எழுத்து!

1967-ல் படப்பிடிப்பில் ஒரு வணக்கம் தேவைப்பட்டதும் அந்த ஞாபகம் கைக்கு வந்துவிட்டது! 2015-ல் நிமாய் மறைந்தபோது, சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்த விண்வெளி வீரர் ஒருவர் இதே முத்திரையைக் காட்டிப் படம் எடுத்து அனுப்பினார். ஜெபக்கூடத்தில் ஒளிந்து பார்த்த ஆசீர்வாதம் பூமியையே சுற்றி வந்துவிட்டது!

ஒரு வாய்த் தண்ணீர்... ஒரு புது மதம்!

வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். தண்ணீர் கொடுப்பதையே சடங்காக வைத்து ஒரு மதம் உண்டு, தெரியுமா?

1961-ல் ராபர்ட் ஹைன்லைன் 'ஸ்ட்ரேஞ்சர் இன் எ ஸ்ட்ரேஞ்ச் லேண்ட்' என்ற நாவலை எழுதினார். செவ்வாய்க்கிரகவாசிகள் வளர்த்த மனிதப் பிள்ளை பூமிக்கு வருகிறான். செவ்வாயில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு. அதனால் ஒருவரோடு தண்ணீர் பகிர்ந்து குடித்தால் வாழ்நாள் உறவு! அவன் பூமியில் ஒரு திருச்சபையையும் தொடங்குகிறான். படித்த அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் இருவர் என்ன செய்தார்கள் தெரியுமா? 1962-ல் அதேபோல் தண்ணீர் பகிர்ந்து குடித்து, நாவலில் வந்த பெயரிலேயே நிஜமான சபையைத் தொடங்கிவிட்டார்கள்! 1970-ல் அமெரிக்க அரசு அதற்கு வரிவிலக்கும் கொடுத்தது!

ஹைன்லைன் என்ன சொன்னார்? நான் பதில் கொடுக்கவில்லை, வாசகர்களை யோசிக்க வைக்கவே எழுதினேன் என்றார்! இந்த வார்த்தையைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்!

1,084 படைப்புகள்... ஒரு மதம்!

உலகிலேயே மிக அதிகப் படைப்புகள் வெளியிட்ட எழுத்தாளர் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியவர் யார் தெரியுமா? எல். ரான் ஹப்பார்ட்! 1,084 படைப்புகள்! 1930-களிலும் 40-களிலும் மலிவு விலைப் பத்திரிகைகளில் விஞ்ஞானக் கதைகளை எழுதிக் குவித்தவர். இவர்தான் 'சயன்டாலஜி' மதத்தின் நிறுவனர்!

இன்னும் கேளுங்கள்! அந்த மதத்துக்கு அடிப்படையான 'டயனடிக்ஸ்' கட்டுரை 1950 மே மாதம் வெளிவந்தது. எதில்? 'அஸ்டவுண்டிங் சயின்ஸ் ஃபிக்ஷன்' என்ற விஞ்ஞானக் கதைப் பத்திரிகையில்! நாலே வருஷத்தில், 1954-ல், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் சபை எழுந்துவிட்டது!

நாவலில் வந்த மதம், செவ்வாயில் எழுதிய பெயர்!

ஆக்டேவியா பட்லர் கண்டிப்பான பாப்டிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்த கறுப்பினப் பெண். 1993-ல் 'பேரபிள் ஆஃப் த சோவர்' என்ற நாவல் எழுதினார். அதில் போதகர் ஒருவரின் மகள், 15 வயதுச் சிறுமி, 'எர்த்சீட்' என்ற புது மதத்தை உருவாக்குகிறாள். அந்த மதத்தின் கடவுள் யார் தெரியுமா? மாற்றம்! மாறுவதே கடவுள்! மனித குலத்தின் லட்சியம் நட்சத்திரங்களில் வேர்விடுவது!

கதையோடு நின்றதா? 2004-ல் அமெரிக்காவில் 'டெராசெம்' என்ற நிஜ இயக்கமே பிறந்தது. எர்த்சீட் கொடுத்த உந்துதலில்! பெயரின் பொருளும் 'பூமி விதை'தான்! 2021-ல் செவ்வாயில் பெர்சிவரன்ஸ் ஊர்தி இறங்கிய இடத்துக்கு நாசா என்ன பெயர் வைத்தது தெரியுமா? 'ஆக்டேவியா இ. பட்லர் இறங்குதளம்'! விண்வெளியில் வேர்விடச் சொன்னவரின் பெயர் செவ்வாய் மண்ணிலேயே வேர்விட்டுவிட்டது!

பொய் மதத்துக்கு நிஜப் பட்டம்!

கர்ட் வானகட் 1963-ல் எழுதிய 'கேட்ஸ் க்ரேடில்' நாவலில் 'பொக்கோனானிசம்' என்ற மதம் வரும். தன் போதனைகள் எல்லாமே பொய் என்று தானே அறிவிக்கும் மதம் அது! இப்படியும் ஒரு மதமா என்கிறீர்களா? 1971-ல் சிகாகோ பல்கலைக்கழகம் இந்த நாவலையே ஆய்வேடாக ஏற்று, வானகட்டுக்கு மானுடவியலில் முதுகலைப் பட்டம் கொடுத்துவிட்டது!

கடவுளுக்கு 900 கோடி நாமங்கள்!

நாம் ஆயிரம் நாமம் சொல்லி அர்ச்சனை செய்வோம். 900 கோடி நாமங்களை எழுத எத்தனை நாளாகும்?

ஆர்தர் சி. கிளார்க் 1953-ல் வெளியிட்ட கதையில் திபெத்தியத் துறவிகள் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள். கையால் எழுதினால் 15,000 வருஷம்! அதனால் கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுக்கிறார்கள். அதற்கு எத்தனை நாள்? வெறும் 100! கடைசிப் பெயரும் அச்சாகும் நேரத்தில், மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருக்கும் இரண்டு பொறியாளர்கள் தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கிறார்கள்... என்ன பார்த்தார்கள்? சொல்ல மாட்டேன், நீங்களே படியுங்கள்!

பின்னாளில் இந்தியக் குடிமகனாகவே மாறிய விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன் இந்தக் கதையைப் படித்து அசந்துபோனார். கடவுளைப் பற்றிப் புதிதாக எதையாவது எழுதிய மிகச் சிலரில் ஒருவர் என்று கிளார்க்கைப் பாராட்டினார்!

நாத்திகர் எழுதிய பைபிள் வழிகாட்டி!

விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அமெரிக்க மனிதநேயர் சங்கத்தின் தலைவராக 1985 முதல் சாகும்வரை இருந்தவர். அவர் பைபிளுக்கு விளக்க நூல் எழுதினார், தெரியுமா? அதுவும் இரண்டு பெரிய தொகுதிகள்! 1968-ல் ஒன்று, 1969-ல் ஒன்று!

அவர் எழுதியதிலேயே அவருக்கு மிகவும் பிடித்த கதை எது? 1956-ல் வந்த 'தி லாஸ்ட் கொஸ்டின்'. 2061 மே 21 அன்று ஒரு கம்ப்யூட்டரிடம் கேள்வி கேட்கிறார்கள். 'பிரபஞ்சம் அணைந்து போவதைத் தடுக்க முடியுமா?' கோடானுகோடி வருஷங்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை! மனித இனமே மறைந்த பிறகு கம்ப்யூட்டர் பதிலைக் கண்டுபிடிக்கிறது. அதைக் கேட்டால் பைபிளின் முதல் பக்கமே ஞாபகம் வரும்! நாத்திகர் எழுதிய கதை, ஆதியாகமத்தில் போய் நிற்கிறது!

இன்னொரு வேடிக்கை! கதை பிடித்துப்போன வாசகர்களுக்குத் தலைப்பு மட்டும் மறந்துவிடுமாம்! 'நீங்கள் எழுதியதுதானா?' என்று அவரிடமே வந்து கேட்பார்களாம்!

குண்டு போட்டவர் எழுதிய மடம்!

இத்தாலியில் மான்டே கசினோ என்றொரு மடம். புனித பெனடிக்ட் 6-ஆம் நூற்றாண்டில் நிறுவியது. 1944 பிப்ரவரி 15 அன்று அமெரிக்க விமானங்கள் அதைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கின. அந்தத் தாக்குதலில் பங்கெடுத்தவர்களில் ஓர் இளைஞன், வால்டர் மில்லர். வயது 21! போரில் 50-க்கும் மேற்பட்ட முறை குண்டு விமானத்தில் பறந்தவன்.

அந்த இளைஞன் பிறகு என்ன ஆனான் தெரியுமா? 1947-ல் கத்தோலிக்கனாக மாறினான்! பிறகு 'எ கேன்டிக்கிள் ஃபார் லீபோவிட்ஸ்' என்ற நாவல் எழுதினான். அணுகுண்டுப் போரில் உலகம் அழிந்த பிறகு, பாலைவனத்து மடம் ஒன்றில் துறவிகள் மிச்சமிருக்கும் காகிதங்களைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுகிறார்கள். என்ன காகிதங்கள்? மின்சுற்று வரைபடம் ஒன்று! கடையில் வாங்க வேண்டிய சாமான்களின் சீட்டு ஒன்று! அதுவும் புனிதப் பொருள்! வரைபடம் எதற்கு என்றே தெரியாத ஒரு துறவி, தங்க வேலைப்பாட்டோடு அதை ஆண்டுக்கணக்கில் பிரதி எடுக்கிறார்!

மடத்தை இடித்த கூட்டத்தில் இருந்தவர், காகிதத்தில் ஒரு மடம் கட்டிக் கொடுத்துவிட்டார்! 1961-ல் விஞ்ஞானக் கதைகளுக்கான ஹியூகோ விருது கிடைத்தது. வாழ்நாளில் அவர் வெளியிட்ட ஒரே நாவல் இதுதான்!

விண்வெளிக்குப் போன பாதிரியார்கள்!

நம் வீரமாமுனிவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர்? இயேசு சபை! விஞ்ஞானக் கதைகளில் அடிக்கடி விண்வெளிக்குப் போவதும் அதே சபைப் பாதிரியார்கள்தான்! 1955-ல் கிளார்க்கின் 'தி ஸ்டார்' கதையில் ஒருவர். 1958-ல் ஜேம்ஸ் பிளிஷ் நாவலில் ஒருவர். 1996-ல் மேரி டோரியா ரஸ்ஸலின் 'தி ஸ்பேரோ' நாவலில் ஒரு குழுவே போகிறது!

அந்த ரஸ்ஸல் கதையைக் கேளுங்கள்! கத்தோலிக்கராகப் பிறந்தவர், நாத்திகர் ஆனவர். பாதிரியாரை வைத்து நாவல் எழுத உட்கார்ந்தார். எழுதிய காலத்தில் என்ன ஆனார்? யூத மதத்தில் சேர்ந்துவிட்டார்!

கதைப் புத்தகத்தால் வாடிகன் போனவர்!

வாடிகனுக்குச் சொந்தமாக வானாய்வகம் உண்டு, தெரியுமா? 2015-ல் அதன் இயக்குநரான கை கான்சால்மேக்னோ ஓர் இயேசு சபைச் சகோதரர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த விண்கல் நிபுணர். எம்.ஐ.டி.யில் ஏன் சேர்ந்தார்? ஆராய்ச்சிக்காகவா? இல்லை! அங்கே மாபெரும் விஞ்ஞானக் கதை நூலகம் ஒன்று இருந்தது! அதைப் பார்த்துவிட்டுத்தான் கல்லூரி மாறினாராம்! வேற்றுக்கிரகவாசிக்கு ஞானஸ்நானம் கொடுப்பீர்களா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 2014-ல் ஒரு புத்தகத்தையும் சேர்ந்து எழுதினார்!

அதே 2014 மே மாதம் போப் பிரான்சிஸ் தன் மறையுரையில் என்ன சொன்னார் தெரியுமா? குழந்தைகள் வரைவது போலப் பச்சை நிறம், நீள மூக்கு, பெரிய காதுகளோடு ஒரு செவ்வாய்க்கிரகவாசி வந்து ஞானஸ்நானம் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்! கதவை மூட நாம் யார் என்பதுதான் அவர் சொல்ல வந்தது!

வாடிகன் பட்டியலில் விண்வெளிப் படம்!

சினிமாவுக்கு 100 வயதானபோது, 1995-ல், வாடிகன் 45 முக்கியப் படங்களைப் பட்டியலிட்டது. அதில் ஒன்று, இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் கிளார்க்கும் உருவாக்கிய '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'! கடவுள் என்ற கருத்துதான் இந்தப் படத்தின் இதயம் என்று குப்ரிக்கே சொல்லியிருக்கிறார். படத்தில் கோயில் உண்டா? சாமி சிலை உண்டா? எதுவும் இல்லை! ஒரு கறுப்புக் கற்பலகை மட்டும்தான்!

நண்பர்கள் இருவர்... ஓர் ஒப்பந்தம்!

நமக்குப் பிடித்த மாதிரிக் கதைகளை யாரும் எழுதவில்லை, நாமே எழுதுவோம் என்று இரண்டு ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர்கள் பேசி முடிவெடுத்தார்கள். ஒருவருக்கு விண்வெளிப் பயணம். இன்னொருவருக்குக் காலப் பயணம்! யார் அவர்கள்? சி.எஸ். லூயிஸ், டோல்கியன்! நாத்திகராக இருந்த லூயிஸைக் கிறிஸ்தவத்தின் பக்கம் திருப்பியதில் டோல்கியனுக்குப் பெரிய பங்கு உண்டு. டோல்கியனின் காலப் பயணக் கதை பாதியிலேயே நின்றுபோனது. லூயிஸோ மூன்று நாவல்கள் எழுதினார்! இரண்டாவது நாவலில் வெள்ளிக் கிரகத்தில் ஓர் ஏவாள் வருவாள். இன்னும் பாவமே செய்யாத ஏவாள்!

ஒரே நாளில் மூன்று மரணங்கள்!

லூயிஸ் இறந்தது 1963 நவம்பர் 22. அன்றுதான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றே இறந்த மூன்றாவது பிரபலம் யார் தெரியுமா? 'பிரேவ் நியூ வேர்ல்ட்' எழுதிய ஆல்டஸ் ஹக்ஸ்லி!

1932-ல் வந்த அந்த நாவலில் சிலுவை கிடையாது. மேல்பாகத்தை வெட்டி 'டி' எழுத்தாக்கிவிடுவார்கள். ஏன்? ஃபோர்டு கம்பெனியின் 'மாடல் டி' காருக்காக! ஃபோர்டுதான் அங்கே கடவுள்! இப்படி எழுதிய ஹக்ஸ்லி பிறகு எங்கே போனார்? ஹாலிவுட்டில் இருந்த வேதாந்த மையத்துக்கு! சுவாமி பிரபவானந்தர் பங்கெடுத்து 1944-ல் வெளிவந்த பகவத் கீதை ஆங்கில மொழிபெயர்ப்புக்கு முன்னுரையே ஹக்ஸ்லி எழுதியதுதான்! சென்னை அடையாறு பிரம்மஞான சபையில் வளர்ந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி அவருக்கு நெருங்கிய நண்பர்!

பல்வலியில் தொடங்கிய தரிசனம்!

1974 பிப்ரவரி. விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஃபிலிப் கே. டிக் ஞானப்பல் பிடுங்கிக்கொண்டு வலியோடு வீட்டில் இருந்தார். மருந்துக் கடையிலிருந்து ஒரு பெண் மாத்திரை கொண்டுவந்தாள். அவள் கழுத்துச் சங்கிலியில் தங்க மீன். ஆதிகாலக் கிறிஸ்தவர்கள் அடையாளமாக வைத்திருந்த மீன்! அதைப் பார்த்த கணத்தில் தனக்குள் ஏதோ திறந்துகொண்டது என்கிறார் டிக்.

அதோடு முடியவில்லை! ஓர் இளஞ்சிவப்பு ஒளி தன்னோடு பேசியதாகவும், கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு வெளியே தெரியாத குடலிறக்கம் இருப்பதை அதுவே சொன்னதாகவும், டாக்டரும் அதை உறுதி செய்ததாகவும் எழுதியிருக்கிறார்! அது கடவுளா, வேற்றுக்கிரகவாசியா, தன் மூளைதானா? விடை தேடி எத்தனை பக்கம் எழுதினார் தெரியுமா? சுமார் 8,000 பக்கங்கள்! 1982-ல் சாகும்வரை எழுதினார். விடை கிடைக்கவே இல்லை!

ஹாலிவுட்டில் காயத்ரி மந்திரம்!

2004-ல் தொடங்கிய 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' தொடரின் தொடக்க இசையைக் கூர்ந்து கேட்டிருக்கிறீர்களா? அதில் ஒலிப்பது காயத்ரி மந்திரம்! விண்கப்பல்கள் பறக்கும் தொடருக்கு ரிக் வேதம்! 1978-ல் இதன் முதல் வடிவத்தை உருவாக்கிய கிளென் லார்சன் மார்மன் மதத்தவர். மார்மன் மத நூல் ஒன்றில் வரும் 'கோலோப்' என்ற பெயர்தான் தொடரில் 'கோபோல்' கிரகம் ஆனது! 2003-ல் வந்த மூன்றாவது 'மேட்ரிக்ஸ்' படத்தின் முடிவில் என்ன பாடுகிறார்கள் தெரியுமா? உபநிடத ஸ்லோகங்கள்!

கதை எழுதியதால் அம்மா சிறையிலா?

கோள்களின் பாதையைக் கண்டுபிடித்த கெப்ளரும் விஞ்ஞானக் கதை எழுதினார், தெரியுமா? 'சோம்னியம்' என்ற நிலாப் பயணக் கதை, 1608 வாக்கில் எழுதியது. நாயகனின் அம்மா மூலிகை விற்பவள், ஆவிகளோடு பேசுபவள். கையெழுத்துப் பிரதி எப்படியோ வெளியே போனது. பிறகு கெப்ளரின் நிஜ அம்மாவையே சூனியக்காரி என்று பிடித்து 14 மாதம் சிறையில் வைத்தார்கள்! வதந்திக்குத் தன் கதையும் காரணமோ என்று கெப்ளர் துடித்தார். தானே வாதாடி 1621-ல் அம்மாவை மீட்டார். பிறகு அந்தச் சின்னக் கதைக்கு எத்தனை குறிப்புகள் எழுதினார்? 223!

கொம்பு முளைத்த நல்லவர்கள்!

கிளார்க்கின் 'சைல்டுஹுட்ஸ் எண்ட்' நாவலில் வேற்றுக்கிரகவாசிகள் வந்து பூமியில் போரை நிறுத்துகிறார்கள். ஆனால் 50 வருஷம் முகத்தையே காட்டவில்லை! ஏன்? கொம்பு, சிறகு, கூர்வால்... பார்ப்பதற்கு அச்சு அசல் சாத்தான் போலவே இருப்பார்கள்! உருவத்தைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்றுதான் ஒளிந்திருந்தார்களாம்! புத்தகத்தின் முன்பக்கத்தில் கிளார்க் ஒரு குறிப்பு வைத்தார். 'இதில் உள்ள கருத்துகள் என்னுடையவை அல்ல' என்று! தன் நாவலைத் தானே மறுத்த எழுத்தாளரைப் பார்த்திருக்கிறீர்களா?

நெஞ்சை உலுக்கும் ஒரு கணக்கு!

எல்லாமே இனிக்கும் கதையா? இல்லை! 1997 மார்ச் மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 39 பேர் கூட்டாக உயிரை விட்டார்கள். 'ஹெவன்ஸ் கேட்' என்ற குழு. வால்நட்சத்திரத்தின் பின்னால் விண்கலம் வருகிறது, தங்களை அழைத்துப் போகும் என்று நம்பினார்கள். அவர்கள் சட்டையில் தைத்திருந்த பட்டையில் ஸ்டார் ட்ரெக் தொடரில் வரும் பயணக் குழுவின் பெயர்! இறந்தவர்களில் ஒருவர், அந்தத் தொடரில் நடித்த நடிகையின் சொந்தத் தம்பி!

கதை கேள்வி கேட்கக் கற்றுத்தர வேண்டும். கேள்வியை நிறுத்தச் சொல்கிற எவரும், எந்தப் பெயரில் வந்தாலும், ஆபத்தானவர்!

சிட்டி சொன்ன பதில்!

'கடவுள் இருக்கிறாரா?' 'எந்திரன்' படத்தில் ரோபோ சிட்டியிடம் இந்தக் கேள்வி வருமே! கடவுள் என்றால் யார் என்று திருப்பிக் கேட்கும். படைத்தவர் என்றதும், என்னைப் படைத்தவர் இதோ இருக்கிறார், அதனால் கடவுள் இருக்கிறார் என்று சொல்லும். திரையரங்கே கைதட்டியது, ஞாபகம் இருக்கிறதா?

வசனத்தில் பங்கெடுத்த சுஜாதா யார்? ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பணியாற்றிய பொறியாளர். 'என் இனிய இயந்திரா' எழுதியவர். அதே கையால் ஆழ்வார்களுக்கு எளிய அறிமுகமும் எழுதினார்! 'கடவுள் இருக்கிறாரா?' என்ற தலைப்பிலேயே ஒரு புத்தகமும் எழுதினார்! அவருடைய 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தில் எதிர்காலத்திலிருந்து ஒருவன் வருவான். ஓய்வுபெற்ற ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரிவான். ஊர் முதலில் அவரைப் பைத்தியம் என்றது, பிறகு மகான் என்றது!

கடலுக்கடியில் கோணேஸ்வரம்!

எல்லாவற்றையும் மிஞ்சும் ஆச்சரியம் இதோ!

திருஞானசம்பந்தர் பாடிய, இலங்கையின் திருக்கோணமலையில் உள்ள கோணேஸ்வரம் கோயிலை 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்தார்கள். கற்களும் தூண்களும் சுவாமி மலையின் அடியில் கடலுக்குள் போயின. 1956-ல் இரண்டு வெள்ளைக்காரர்கள் அங்கே மூழ்கினார்கள். பாசி படிந்த பாறைகளுக்கு நடுவே பார்த்தால்... செதுக்கிய தூண்கள்! கோயிலின் கற்கள்! முந்நூறு வருஷத்துக்கு மேலாக மீன்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கோயில்!

மூழ்கியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? 900 கோடி நாமங்களை எழுதிய அதே ஆர்தர் சி. கிளார்க்! மதச் சடங்குகள் எதையும் ஏற்காத கிளார்க்! அனுபவத்தை 1957-ல் புத்தகமாகவே எழுதினார்.

இன்னொருவர் மைக் வில்சன், படப்பிடிப்பாளர். கடலடியிலிருந்து அவர் மீட்ட லிங்கம் கோயிலுக்கே திரும்பி வந்தது. பின்னாளில் வில்சன் என்ன ஆனார்? காவி கட்டினார்! கதிர்காம முருகனின் அடியாராகி, 'சுவாமி சிவ கல்கி' என்று பெயர் மாற்றிக்கொண்டார்!

கிளார்க்? கடைசிவரை இலங்கையிலேயே வாழ்ந்து 2008 மார்ச் 19 அன்று கொழும்பில் மறைந்தார். தன் இறுதிச் சடங்கில் எந்த மதத்தின் சடங்கும் இருக்கவே கூடாது என்று எழுதி வைத்திருந்தார். அப்படியே நடந்தது.

ஒரே கடல்! ஒரே கோயில்! சேர்ந்து மூழ்கிய இரண்டு நண்பர்கள்! ஒருவர் சாமியார் ஆனார், ஒருவர் சடங்கே வேண்டாம் என்றார்!

சரி, இனி உங்கள் முறை!

பார்த்தீர்களா? ஒருவரைக் கோயிலுக்குள் இழுத்த கதை, இன்னொருவரை வெளியே அனுப்பியிருக்கிறது. ஹைன்லைன் சொன்னதுதான் சரி! நல்ல விஞ்ஞானக் கதை பதில் தருவதில்லை, யோசிக்க வைக்கிறது!

'சாமி செவ்வாய்க் கிரகத்திலும் இருக்குமா?' என்று உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால், 'சும்மா இரு' என்று அதட்டாதீர்கள்! பக்கத்தில் உட்காரவைத்து, 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேளுங்கள்! கெப்ளர் முதல் சுஜாதா வரை எல்லாரும் எழுத உட்கார்ந்தது இப்படி ஏதோ ஒரு கேள்வியோடுதான்!